காஸ்மிக்-2 தரவும் சென்னை பலூனும் ஒத்துப்போகவில்லை. எந்தப் புரொஃபைலை ஒதுக்குவது?

வடகிழக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வாரங்களில் வங்கக் கடல் மேலுள்ள காற்றின் ஈரப்பதம் எப்படி மாறுகிறது என்பது என் ஆய்வு. நடுக்கடலில் பலூன் விட ஆளில்லை. அதனால் காஸ்மிக்-2 செயற்கைக்கோள்களின் ரேடியோ மறைப்பு அளவீடுகளை எடுத்துக்கொண்டேன். (இத்துறைக்குப் புதியவர்களுக்கு: ஜிபிஎஸ் அல்லது ரஷ்யாவின் க்ளோனாஸ் செயற்கைக்கோள் ஒன்று அடிவானத்தில் மறையும்போதோ எழும்போதோ அதன் சிக்னல் காற்று மண்டலத்தைத் துளைத்து வளைந்து வருகிறது. தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் இன்னொரு செயற்கைக்கோள் அந்த வளைவை அளக்கிறது. வளைவிலிருந்து காற்றின் விலகல்திறனும், அதாவது சிக்னலை வளைக்கும் திறனும், அதிலிருந்து வெப்பநிலையும் ஈரப்பதமும் கிடைக்கின்றன.)

தரத்தைச் சோதிப்பதற்காக மீனம்பாக்கத்தில் விடப்படும் ரேடியோசோண்ட் பலூனோடு (அளவுக் கருவியைச் சுமந்து மேலே போவது) ஒப்பிட்டேன். பலூனிலிருந்து 300 கி.மீ. தூரத்துக்குள்ளும் 3 மணி நேரத்துக்குள்ளும் வரும் புரொஃபைல்களை (உயரத்துக்கு உயரம் எடுத்த அளவீட்டு வரிசைகளை) மட்டும் சேர்த்துக்கொண்டேன். 8 கி.மீ. முதல் 25 கி.மீ. வரை இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. 3 கி.மீ.க்குக் கீழே செயற்கைக்கோள் தரும் விலகல்திறன் பெரும்பாலும் பலூனைவிடக் குறைவாக இருக்கிறது. சில புரொஃபைல்கள் தரைக்கு வராமல் 2 கி.மீ.யிலேயே நின்றுவிடுகின்றன. 40 கி.மீ.க்கு மேலே வெப்பநிலைக் கோடு ரம்பப் பல் போலத் தெரிகிறது, அதுவும் மாலை நேரப் புரொஃபைல்களில் அதிகம்.

கோப்பில் ‘மோசம்’ என்ற குறியீடு பூஜ்யமாக இருந்தால் அந்தப் புரொஃபைல் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், பலூனிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகுவதையெல்லாம் தூக்கிவிடச் சொல்கிறார். அப்படிச் செய்தால் படம் அழகாகத்தான் வருகிறது. ஆனால் மனம் ஒப்பவில்லை. வழி சொல்லுங்கள்.

மேல்காற்று எழுதியது:

தம்பி, பலூன் விட்டே தலை நரைத்தவன் நான். உங்கள் குழுவின் மூத்தவர் பலூனுக்குத் தரும் மரியாதை எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் இந்த அளவு மரியாதை அதற்குத் தாங்காது.

முதலில் நேரத்தைப் பாருங்கள். காலை 5.30 மணி அளவீடு என்று பதிவாகும் பலூனை 5 மணிக்கு முன்பின் விட்டுவிடுவோம். அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் ஏறும். 30 கி.மீ. போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் காற்று அதை எங்கெங்கோ இழுத்துப் போய்விடும். 20 கி.மீ. உயரத்து அளவீட்டை மீனம்பாக்கத்துக்கு நேர் மேலே எடுத்ததாக நினைத்து ஒப்பிட்டால் அங்கேயே தவறு தொடங்குகிறது. பலூன் இருக்கும் இடம் நொடிக்கு நொடி பதிவாகிறது, அந்த முழுத் தரவையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஈரப்பத உணரி. அக்டோபர், நவம்பர் மழையில் மேகத்துக்குள் நுழைந்தால் நனைந்துவிடும். வெளியே வந்த பின்னும் சற்று நேரம் மேகத்துக்குள் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும். மேலே குளிர் கூடக் கூட மந்தமாகிவிடும். பகலில் வெயில் அதைச் சூடாக்கி, காற்று உண்மையில் இருப்பதைவிட உலர்ந்திருப்பதாகக் காட்டும். ஏவுவதற்கு முன் தரையில் வைத்துச் சரிபார்ப்பது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? அதன் புத்தி எங்களுக்குத் தெரியும் என்பதால்தான்.

செயற்கைக்கோளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. பலூனை நீதிபதியாக உட்கார வைக்காதீர்கள், சாட்சியாக மட்டும் கூப்பிடுங்கள்.

கதிர்வளைவு எழுதியது:

மேல்காற்று ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இப்போது செயற்கைக்கோள் பக்கத்துக்கு வருவோம். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 5 சதவீத விதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. காரணத்தைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். விலகல்திறன் இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகை. அழுத்தத்தை 77.6 ஆல் பெருக்கி வெப்பநிலையால் வகுத்தால் உலர் பகுதி. நீராவியின் அழுத்தத்தை 3,73,000 ஆல் பெருக்கி வெப்பநிலையின் வர்க்கத்தால் வகுத்தால் ஈரப் பகுதி. அழுத்தம் ஹெக்டோபாஸ்கலில், வெப்பநிலை கெல்வினில். வங்கக் கடல் மேல் 1.5 கி.மீ. உயரத்தில் அழுத்தம் 850, வெப்பநிலை 293, நீராவி அழுத்தம் 17 என்று வையுங்கள். உலர் பகுதி 225, ஈரப் பகுதி 74, மொத்தம் 299. பக்கத்தில் இன்னோர் இடத்தில் நீராவி அழுத்தம் 13 தான் என்றால் மொத்தம் 17 அலகு குறையும். அது கிட்டத்தட்ட 6 சதவீதம். மேகக் கூட்டத்துக்கு உள்ளே ஓர் அளவீடும் வெளியே ஓர் அளவீடும் எடுத்தால் இந்த வித்தியாசம் சாதாரணம். ஆக, உங்கள் மூத்தவரின் விதி பிழையைத் தூக்கி எறியவில்லை, வானிலையைத் தூக்கி எறிகிறது.

இதே விதியை 17 கி.மீ.க்குக் கொண்டு போங்கள். அங்கே வெப்பநிலை ஏறக்குறைய 193 கெல்வின், அதாவது மைனஸ் 80 டிகிரி. நீராவி இல்லையென்றே சொல்லலாம். அங்கே விலகல்திறனில் 5 சதவீதப் பிழை என்றால் வெப்பநிலையில் ஏறக்குறைய 10 டிகிரி தவறு. ரேடியோ மறைப்பு மிகத் துல்லியமாக அளக்கும் உயரத்தில் 10 டிகிரி தவறான புரொஃபைலை உங்கள் விதி கைகூப்பி உள்ளே விடும். கீழே தேவைக்கு மேல் கெடுபிடி, மேலே கதவே இல்லை.

தரம் என்பது புரொஃபைல் முழுவதற்கும் ஒட்டும் ஒரே முத்திரை ஆகாது. எந்த உயரத்தில் என்று கேட்ட பிறகுதான் நல்லதா கெட்டதா என்ற பேச்சே வர வேண்டும்.

உயரத்தில் தெரியும் ரம்பப் பல்லை எடுத்துக்கொள்வோம். உண்மையில் அளக்கப்படுவது கதிரின் வளைவுக் கோணம். தரையருகே அது ஏறக்குறைய 1 டிகிரி, அதாவது சுமார் 17,500 மைக்ரோரேடியன். 17 கி.மீ.யில் சுமார் 3,000 மைக்ரோரேடியன். 60 கி.மீ.யில் வெறும் 5 மைக்ரோரேடியன் அளவு. அளவீட்டின் இரைச்சல் 1 அல்லது 2 மைக்ரோரேடியன் என்றால் 17 கி.மீ.யில் அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். 60 கி.மீ.யில் அதே இரைச்சல் அளவீட்டில் கால் பங்கு. இதற்கும் மேலே அயனி மண்டலம் இருக்கிறது. அந்த உயரங்களில் அயனிகள் உண்டாக்கும் வளைவு காற்று உண்டாக்கும் வளைவை விழுங்கிவிடும். 1575.42, 1227.60 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளும் அயனிகளால் வெவ்வேறு அளவில் வளைவதைக் கொண்டு அதைக் கழிக்கிறார்கள். கழித்த பிறகும் ஒரு மிச்சம் இருக்கும். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியோடு அதுவும் கூடிக் குறையும். நீண்டகாலப் போக்கு பார்க்கிறவர்கள் தூக்கம் கெடுவது இதனால்தான்.

உங்கள் மாலை நேரச் சந்தேகத்துக்கு விடை இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மாலை 5.30 பலூனுக்கு 3 மணி நேரம் இடம் கொடுத்திருக்கிறீர்கள். அப்படியானால் இரவு 8.30 வரைக்குமான புரொஃபைல்கள் உள்ளே வருகின்றன. புவிகாந்த நடுக்கோடு திருநெல்வேலி, தும்பா பக்கமாகப் போகிறது. சூரியன் மறைந்த பின் அந்தக் கோட்டை ஒட்டிய அயனி மண்டலம் குமிழ் குமிழாகக் கலங்கும், சிக்னல் மினுமினுக்கும். இதில் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. கலக்கம் சென்னைக்கு மேலே இருக்க வேண்டியதில்லை. கதிர் தரைக்கு மிக அருகே வரும் புள்ளி சென்னை என்றால், அதே கதிர் 300 கி.மீ. உயரத்து அயனிகளைக் கடக்கும் இடம் அங்கிருந்து ஏறக்குறைய 2,000 கி.மீ. தள்ளி இருக்கும், இரண்டு பக்கமும். கிழக்கே அவ்வளவு தூரம் போனால் உள்ளூர் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடிவிடும். சென்னையில் மாலை 6.30 ஆக இருக்கும்போது அங்கே நன்றாக இருட்டியிருக்கும். எனவே புரொஃபைல்களைச் சென்னை நேரப்படி பிரித்தால் போதாது. கதிர் போகும் திசையையும் பாருங்கள். ஒவ்வொரு உயரத்துக்கும் திசைக்கோணம் கோப்பிலேயே இருக்கிறது.

ரம்பப் பல் இல்லாமல் வழவழப்பாக இருக்கும் கோட்டையும் நம்பிவிடாதீர்கள். உயரே இரைச்சல் மிகும்போது, செயலாக்க மென்பொருள் அளவீட்டோடு ஒரு சராசரிக் காலநிலை மாதிரியைக் கலக்கிறது. மேலே போகப் போக மாதிரியின் பங்கு கூடும். 50 கி.மீ.யில் வழவழப்பாக வரும் வெப்பநிலையில் எவ்வளவு அளவீடு, எவ்வளவு மாதிரி என்று பார்க்காமல் ‘அருமையாக ஒத்துப்போகிறது’ என்று எழுதும் கட்டுரைகளைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கீழே வருவோம். உங்கள் 3 கி.மீ. குறைவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு. விலகல்திறன் 1 கி.மீ. உயரத்துக்குள் 157 அலகுக்கு மேல் சரிந்தால், கதிரின் வளைவு பூமியின் வளைவைவிடக் கூடிவிடும். (பூமியின் ஆரம் 6,371 கி.மீ. பத்து லட்சத்தை அதால் வகுத்துப் பாருங்கள், அந்த 157 எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.) அப்போது கதிர் அந்த அடுக்குக்குள் சிக்கிக்கொள்ளும், செயற்கைக்கோளுக்கு வராது. வராத கதிரை வைத்துத் தீர்வு காண முடியாது. பல தீர்வுகள் பொருந்தும், வளைவிலிருந்து விலகல்திறனைக் கணக்கிடும் ஏபெல் முறை அவற்றில் மிகக் குறைந்த விலகல்திறனைத் தருகிறது. கலிஃபோர்னியா, பெரு, நமீபியா கரைகளுக்கு மேற்கே தாழ்மேகம் படர்ந்த கடல்களில் இது அன்றாட நிகழ்ச்சி. பாரசீக வளைகுடாவிலும் அப்படியே. பருவமழைக் காலத்து வங்கக் கடலில் காற்று நன்றாகக் கலங்கியிருப்பதால் இதன் பங்கு குறைவாக இருக்கலாம். அங்கே சிக்னல் பலவீனமடைந்து இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோவதுதான் முதல் சந்தேகம். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதன்படி மூன்று கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் குறைவு எவ்வளவு என்று வரையுங்கள். விகிதம் கூடக் கூடக் குறைவு சுருங்கினால் குற்றவாளி பிடிபட்டார்.

தரைக்கு வராமல் நின்றுவிடும் புரொஃபைல்கள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானவை, ஏனென்றால் அவை சராசரியில் இல்லாமல் போய்விடுகின்றன. ஈரம் மிகுந்த, மேகம் அடர்ந்த இடத்தில் சிக்னல் சீக்கிரம் தொலைகிறது. உலர்ந்த, அமைதியான இடத்தில் அடிவரை வருகிறது. 500 மீட்டரில் நீங்கள் எடுக்கும் சராசரி, அங்கே வரை வந்தவற்றின் சராசரி. கடல் உண்மையில் இருப்பதைவிட உலர்ந்ததாகவே அது காட்டும், ஒவ்வொரு புரொஃபைலும் தன்னளவில் பழுதில்லாமல் இருந்தாலும்கூட. உயரத்துக்கு உயரம் எத்தனை புரொஃபைல்கள் மிஞ்சின என்ற கோட்டை உங்கள் படத்தின் பக்கத்திலேயே வரையுங்கள். அந்தக் கோடு இல்லாத படத்தை நான் தேர்வாளராக இருந்தால் திருப்பி அனுப்புவேன்.

‘மோசம்’ குறியீட்டைப் பற்றி: அது முழு உளறலை வடிகட்ட மட்டும். 60 முதல் 80 கி.மீ. வரையிலான இரைச்சல் அளவும் மாதிரியிலிருந்து காட்டும் விலகலும் எல்லை மீறினால் அந்தக் குறியீடு 1 ஆகும். பூஜ்யம் என்றால் அப்பட்டமான கேடு இல்லை என்று மட்டுமே பொருள்.

வடகிழக்கு எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. சிக்னல் விகிதப்படி பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். ஒரு சந்தேகம். ஈரப்பதத்தை நேரடியாக ஒப்பிடுவதற்காக ‘ஈரப் புரொஃபைல்’ கோப்பில் உள்ள ஈரப்பதத்தைத்தான் பயன்படுத்துகிறேன். பலூன் நீதிபதி இல்லையென்றால், அதற்குப் பதிலாக ஈரா5 மறுபகுப்பாய்வை (பழைய அளவீடுகளை வானிலை மாதிரியோடு சேர்த்து உருவாக்கிய தரவை) வைத்துக்கொள்ளலாமா? அது கடல் மேலும் கிடைக்கிறதே.

மாதிரிக்காரன் எழுதியது:

அளவீடுகளை வானிலை மாதிரிக்குள் சேர்க்கும் தரவு உள்வாங்கல் வேலையில் இருக்கிறேன், அந்தப் பக்கத்து அனுபவத்தைச் சொல்கிறேன். நாங்கள் ஈரப்பதத்தையோ வெப்பநிலையையோ தொடுவதில்லை, வளைவுக் கோணத்தையே உள்ளே எடுக்கிறோம். முந்தைய முன்கணிப்பிலிருந்து அந்தக் கோணம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அளவீட்டிலிருந்து கழித்து, எதிர்பார்க்கும் பிழையால் வகுப்போம். எல்லை மீறினால் விலக்குவோம்.

அந்த எதிர்பார்க்கும் பிழை உயரத்தோடு மாறும், கதிர்வளைவு சொன்ன அதே காரணத்தால். ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையம் கையாண்ட எளிய வடிவம் இது: தரைமட்டத்தில் 20 சதவீதம், அங்கிருந்து நேர்கோடாகக் குறைந்து 10 கி.மீ.யில் சுமார் 1 சதவீதம், உயரே மைக்ரோரேடியனில் ஒரு கீழ்வரம்பு. கீழே 20 சதவீதம் என்று கேட்டால் தூக்கிவாரிப்போடும். கதிர் பக்கவாட்டில் சராசரியாக்கும் தூரத்தையும் சேர்த்துத்தான் அந்த எண் வருகிறது.

இன்னொன்று: மற்றச் செயற்கைக்கோள் அளவீடுகளுக்குச் சாய்வுத் திருத்தம் (எப்போதும் ஒரே பக்கம் சாயும் பிழையைச் சரிசெய்வது) போடுகிறோம், ரேடியோ மறைப்புக்குப் போடுவதில்லை. நேரத்தை அளப்பதுதான் இதன் அடிப்படை, அது அணுக் கடிகாரத்தில் போய் முடிகிறது. மற்ற அளவீடுகள் சரிந்துவிடாமல் நிறுத்தும் நங்கூரம் இது. உங்கள் பகுதிக்கும் இதே சோதனையை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கதிர்வளைவு எழுதியது:

மாதிரிக்காரரின் எண்கள் சரி. ஆனால் அவருடைய சோதனையை வடகிழக்கு அப்படியே எடுத்துக்கொள்ள நான் ஒப்பமாட்டேன். நாளைய வானிலையைச் சொல்கிறவருக்குச் சந்தேகத்துக்குரிய அளவீட்டை விடுவது லாபம். வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் மாதிரியில் சரியாக விழாத நாளில், அதன் நடுவே இறங்கிய புரொஃபைல் மாதிரியிலிருந்து விலகித்தான் நிற்கும். அதை விலக்கினால் ஆய்வுக்கு வேண்டிய நாளே போய்விடுகிறது. விலகியவற்றைத் தனிக் கோப்பில் வைத்து, அன்றைய மேகப் படத்தோடு ஒவ்வொன்றாகப் பாருங்கள். சலிப்பான வேலைதான்.

ஈரா5 பற்றி: அது பலூனையும் ரேடியோ மறைப்பையும் உள்வாங்கித்தான் உருவாகிறது. அதோடு ஒத்துப்போவது பாதி தன்னோடு தானே ஒத்துப்போவது. ‘ஈரப் புரொஃபைல்’ கோப்பில் கதை இன்னும் சிக்கல். விலகல்திறன் ஓர் எண், அதிலிருந்து வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் பிரிக்க வெளியிலிருந்து உதவி வேண்டும், அந்த உதவி வானிலை மாதிரியிலிருந்து வருகிறது. அப்படி வந்த ஈரப்பதத்தை இன்னொரு மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பார்ப்பதில் பொருள் இல்லை. மாறாகப் போங்கள்: பலூனின் வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தத்திலிருந்து விலகல்திறனைக் கணக்கிட்டு, மாதிரி கலப்பதற்கு முந்தைய கோப்பில் உள்ள விலகல்திறனோடு ஒப்பிடுங்கள்.

மூன்று தராசுகளில் எது சரி என்று தெரியாதபோது, ஒன்றையொன்று ஒப்பிட்டே ஒவ்வொன்றின் பிழையையும் கணிக்க ஒரு வழி இருக்கிறது. பலூன், ரேடியோ மறைப்பு, மாதிரி ஆகிய மூன்றையும் எடுங்கள். இரண்டிரண்டாகக் கழித்து வித்தியாசத்தின் விலக்க வர்க்கச் சராசரியை (வேரியன்ஸ்) காணுங்கள். ரேடியோ மறைப்பு சேர்ந்த இரண்டையும் கூட்டி, அது சேராத ஒன்றைக் கழித்து, பாதியாக்கினால் ரேடியோ மறைப்புப் பிழையின் விலக்க வர்க்கச் சராசரி கிடைக்கும். மூன்றின் பிழைகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்பது நிபந்தனை. அதனால் மாதிரிக்கு மறுபகுப்பாய்வை எடுக்காமல், அந்த நேரத்து அளவீடுகள் இன்னும் கலக்காத குறுகிய கால முன்கணிப்பை எடுங்கள். நிபந்தனை முழுமையாக நிறைவேறாது, ஆனால் எவ்வளவு மீறுகிறது என்று எழுதிவிடலாம்.

2006 ஏப்ரலில் முதல் காஸ்மிக்கின் ஆறு செயற்கைக்கோள்களும் ஒன்றாக ஏவப்பட்டபோது, பிரிந்து போகும் வரை பக்கத்தில் பக்கத்தில் பறந்தன. இரண்டு கருவிகள் ஏறக்குறைய ஒரே காற்றை அளந்தன. அந்த இரட்டைகளை ஒப்பிட்டுத்தான் 10 முதல் 20 கி.மீ. வரை வித்தியாசம் 0.2 சதவீதத்துக்கும் குறைவு என்று காட்டினார்கள். யாராவது அந்த எண்ணை எடுத்து ‘துல்லியம் 0.2 சதவீதம்’ என்று உங்களிடம் சொன்னால், இரண்டுக்கும் பொதுவான பிழை கழித்தலில் காணாமல் போய்விடும் என்பதை நினைவுபடுத்துங்கள்.

மேல்காற்று எழுதியது:

நல்லது. ஒரு கேள்வி எனக்கும். 300 கி.மீ. வட்டம் என்றால் தம்பி வட்டத்துக்குள் பெங்களூரும் வந்துவிடுமே? கடற்கரைக் காற்றும் பீடபூமிக் காற்றும் எப்படி ஒன்றாகும்?

கதிர்வளைவு எழுதியது:

சரியான கேள்வி ஐயா. தூரத்தைச் சுருக்குவதைவிடத் திசையைப் பார்ப்பது பயன் தரும். ஒரு கதிர் தன் பாதை நெடுக 200, 300 கி.மீ. காற்றைச் சராசரியாக்குகிறது, குறுக்கே மிகக் குறைவு. கரையோரமாக வடக்கு தெற்காகப் போகும் கதிர் ஏறக்குறைய ஒரே வகைக் காற்றைப் பார்க்கும். கிழக்கு மேற்காகப் போகும் கதிர் பாதி கடல், பாதி தரை. வடகிழக்கு தன் 3 கி.மீ. குறைவை இந்த இரண்டு வகைக்கும் தனித்தனியாக வரையட்டும், கதிர் தொடும் புள்ளி கடல் மேல் இருப்பவற்றை மட்டும் எடுத்து. சிக்னல் விகிதப் படத்தோடு சேர்த்து இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.